கைக்கு வராததை விட்டுக் கைக்கு வருவதைக் கண்டுபிடிக்க: ஒரு முழுமையான வழிகாட்டி

பன்னிரண்டு வருஷம் நீர்வண்ணம் தீட்டினேன். கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி வீடுகளின் முகப்புகளைத்தான் வரைவேன். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கோட்டையூரிலிருந்து ஸ்கூட்டரை எடுப்பேன். ஏதாவது ஒரு வீட்டின் எதிரே மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்தால் வெயில் ஏறுவதற்குள் பாதிப் படம் முடிந்துவிடும். மீதி, எங்கள் வீட்டுத் திண்ணையில்.

ஒரு நாள் சுவரில் சாய்த்து வைத்திருந்த படத்தைப் பார்த்து என் மகள் கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

“அப்பா, வேப்பமரம் ஏன் செங்கல் கலர்ல இருக்கு?”

எழுந்து போய்ப் படத்தை மறுபடி பார்த்தேன். எனக்கு அது வேப்பமரமாகத்தான் தெரிந்தது.

விஷயம் எனக்குப் புதிதல்ல. 19 வயதில் ஒரு வேலைக்கான உடல் தகுதிச் சோதனையில் புள்ளிப் படங்கள் நிறைந்த புத்தகத்தை விரித்து, உள்ளே என்ன எண் தெரிகிறது என்று கேட்டார்கள். ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா 1917-ல் வெளியிட்ட சோதனை அது. பல பக்கங்களில் எனக்கு எண்ணே தெரியவில்லை. சிவப்பு-பச்சை நிறப்பார்வைக் குறைபாடு என்றார்கள். பிறவியிலேயே வருவது. இதற்குரிய மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண்களுக்கு அந்தக் குரோமோசோம் ஒன்றே ஒன்று என்பதால் பெண்களைவிட ஆண்களிடம் இது மிக அதிகம். இதைக் குணப்படுத்த மருந்து கிடையாது. இதற்கென்று விற்கும் கண்ணாடிகள் சில நிறங்களுக்கு இடையிலான வேறுபாட்டைத் தூக்கிக் காட்டுமே தவிர, மற்றவர்கள் பார்ப்பதுபோல் பார்க்க வைக்காது.

இதெல்லாம் தெரிந்தும் தீட்டினேன். வண்ணக் குழாயின் மேல் பெயர் அச்சிட்டிருக்கிறதே, அதை நம்பினேன். ஆனால் இரண்டு வண்ணத்தைத் தட்டில் குழைத்த பிறகு எந்தப் பெயரும் மிஞ்சுவதில்லை. அந்த உண்மையைப் பார்க்காமல் பன்னிரண்டு வருஷம் ஓட்டிவிட்டேன்.

அந்த நாளுக்குப் பிறகு செய்ததைத்தான் இங்கே படிப்படியாக எழுதுகிறேன். தொண்டை, விரல், முழங்கால், கண், நேரம் என்று ஏதோ ஒன்று ஒத்துழைக்காததால் ஆசைப்பட்ட கலையைச் செய்ய முடியாமல் தவிக்கிறவர்களுக்கு இது. முழுதாகச் செய்து முடிக்க ஏறக்குறைய 6 மாதம் ஆகும். செலவு அதிகமில்லை. ஒரு நோட்டுப் புத்தகமும், உங்களிடம் பொய் சொல்லாத ஒரு ஆளும் போதும்.

படி 1: உங்களுக்கு ஓர் ஐந்தொகை போடுங்கள்

நான் காரைக்குடியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். எங்கள் பக்கத்தில் கணக்கு என்றால் ஐந்தொகை. பர்மாவிலும் மலேயாவிலும் இலங்கையிலும் தொழில் நடத்திய நகரத்தாரின் கணக்கு முறையில், கடையின் நிலவரத்தை ஒரே பார்வையில் காட்டும் தாள் அதுதான். அதில் ஆசைக்கு இடமில்லை. இருப்பதை இருப்பதாகவும் இல்லாததை இல்லாததாகவும் எழுத வேண்டும்.

ஒரு தாளை எடுத்து நான்கு தலைப்புப் போடுங்கள். உடம்பு தராதது. இன்னும் பழகாதது. நேரமும் காசும் இடமும் தராதது. யாரோ சொன்னது.

‘என்னால் முடியாது’ என்று நீங்கள் நினைக்கும் ஒவ்வொன்றையும் இந்த நான்கில் ஒன்றின் கீழ் எழுதுங்கள். மேலோட்டமாக எழுதாதீர்கள். ‘எனக்குப் பாட்டு வராது’ என்பது ஒரு பதிவே அல்ல. ‘மேல் ஸ்தாயியில் குரல் உடைகிறது’ என்பது பதிவு. ‘தாளம் தப்புகிறது’ என்பது வேறொரு பதிவு. முதலாவது உடம்பைச் சேர்ந்ததாக இருக்கலாம். இரண்டாவது பெரும்பாலும் பழக்கத்தைச் சேர்ந்தது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி ‘வராது’ என்று எழுதிவிடுவதுதான் வழக்கமாக நடக்கும் பிழை.

நான்காவது தலைப்பில் நிதானம் வேண்டும். என் மனைவி ‘எனக்குக் குரல் இல்லை’ என்பதை உடம்பின் கீழ் எழுதியிருந்தாள். எப்போது தெரிந்தது என்று கேட்டேன். பத்து வயதில் பாட்டு சொல்லிக் கொடுத்தவர் ஒருவர் சொன்னாராம். அதற்குப் பிறகு முப்பது வருஷம் அவள் வாய் திறக்கவில்லை. கைபேசியில் தம்பூரா ஒலியை வைத்துக்கொண்டு ஒரு வாரம் சும்மா ‘ச’ பிடிக்கச் சொன்னேன். சுருதியில் நின்றது. அந்தப் பதிவை அவளே அடித்துவிட்டு, பக்கத்தில் ‘வாராக்கடன், தள்ளுபடி’ என்று எழுதினாள். அவள் இப்போது பாடகி ஆகிவிடவில்லை. சமைக்கும்போது பாடுகிறாள். அது போதும் என்கிறாள்.

உடம்பின் கீழ் எழுதுவதை மட்டும் மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொள்ளுங்கள். விரல் நடுக்கம், மணிக்கட்டு வலி, பார்வை மங்கல் ஆகியவற்றில் சில சரியாகக் கூடியவை. சரியாகக் கூடியதை விதி என்று ஏற்றுக்கொள்ளத் தேவையில்லை.

உடம்பு ஒன்றைத் தராவிட்டால் எல்லாமே போய்விட்டது என்று நினைக்கிறவர்களுக்கு மகிபாலன்பட்டிப் பண்டிதமணியை நினைவூட்டுவேன். மு. கதிரேசச் செட்டியார், 1881-ல் பிறந்தவர். இளம்பிள்ளை வாதம் காலைப் பாதித்தது. ஊன்றுகோலோடுதான் நடந்தார். பள்ளிப் படிப்பும் அதிகமில்லை. தாமாகவே தமிழும் வடமொழியும் கற்று, வடமொழி நாடகங்களைத் தமிழுக்குக் கொண்டுவந்தார். திருவாசகப் பகுதிகளுக்கு உரை எழுதினார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். மேடையிலும் பெரும் புகழ் பெற்றவர். அவருடைய ஐந்தொகையில் ‘நடை’ என்ற ஒரு பதிவுதான் குறைவு. நாமோ ஒரு பதிவில் குறைவு வந்ததும் கடையையே அடைத்துவிடுகிறோம்.

படி 2: ஒரு மண்டலம் சோதித்துப் பாருங்கள்

‘இன்னும் பழகாதது’ எது, ‘பழகினாலும் வராதது’ எது என்று யோசித்துக் கண்டுபிடிக்க முடியாது. செய்துதான் பார்க்க வேண்டும்.

48 நாள், நாளுக்கு 20 நிமிஷம், ஒரே பயிற்சி. முக்கியம், ஒரே பயிற்சி. இன்று பூ, நாளை கோபுரம் என்று மாற்றினால் ஒப்பிட ஒன்றும் இருக்காது. கோலமானால் தினமும் அதே கோலம், பாட்டானால் அதே வர்ணம், எழுத்தானால் அதே பத்தி. தேதியைத் தாளின் பின்புறம் எழுதுங்கள். பாட்டு, பேச்சு என்றால் கைபேசியில் பதிவு செய்யுங்கள்.

48 நாள் முடிந்ததும், தேதி தெரியாதபடி எல்லாவற்றையும் கலைத்து உங்களுக்கு வேண்டிய ஒருவரிடம் கொடுத்து, “எது முதலில் செய்தது, எது கடைசியில் செய்தது, வரிசைப்படுத்து” என்று சொல்லுங்கள். அவர் வரிசை ஏறக்குறைய சரியாக இருந்தால் நீங்கள் முன்னேறியிருக்கிறீர்கள், அது பழக்கத்தின் விஷயம். அவரால் வரிசைப்படுத்தவே முடியாவிட்டால், 48 நாள் உழைப்பு எந்தத் தடயத்தையும் விடவில்லை என்று பொருள். பாராட்டும் வேண்டாம், விமரிசனமும் வேண்டாம், வரிசை மட்டும் போதும். அன்பு உள்ளவர்கள் பாராட்டில் பொய் சொல்லிவிடுவார்கள். வரிசையில் பொய் சொல்ல அவர்களுக்கு வழி கிடையாது.

நான் தினமும் கொல்லை வேப்பமரத்தின் ஒரே கிளையை வரைந்து வண்ணம் கொடுத்தேன். மகளும் அவள் அம்மாவும் 48 தாளையும் வளவில், அதாவது வீட்டின் உள்முற்றத்தில், தரையெல்லாம் பரப்பினார்கள். வண்ணத்தை வைத்துப் பிரிக்கச் சொன்னேன். முடியவில்லை. 3-ஆம் நாளும் 45-ஆம் நாளும் அவர்களுக்கு ஒன்றுபோலவே தப்பாகத் தெரிந்தன. பிறகு மகள், “கலரை விட்டுட்டுக் கோட்டை மட்டும் பாத்தா சொல்லிடுவேன்” என்றாள். அரை மணி நேரத்தில் வரிசைப்படுத்தினாள். இரண்டு மூன்று தாள்தான் இடம் மாறியிருந்தது.

எந்தக் கேள்விக்கு 48 நாள் செலவழித்தேனோ அதற்கு ‘இல்லை’ என்று பதில் வந்தது. நான் கேட்காத ஒரு கேள்விக்கு ‘ஆம்’ என்று பதில் வந்தது. ஆனாலும் அன்று எனக்கு அந்த ‘இல்லை’ மட்டும்தான் காதில் விழுந்தது.

படி 3: துக்கத்துக்கு நாள் கொடுங்கள்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். ஆசைப்பட்டதை விடுவது ஒரு இழப்பு. நான் தூரிகைகளைக் கழுவிக் காயவைத்துத் துணியில் சுற்றி, மச்சில் இருந்த தகரப் பெட்டிக்குள் வைத்துவிட்டு அழுதேன். ஒரு மாதம் எந்த வீட்டையும் போய்ப் பார்க்கவில்லை.

கோபத்தில் எதையும் எரிக்கவோ யாருக்கும் கொடுத்துவிடவோ வேண்டாம். 6 மாதம் பெட்டியில் இருக்கட்டும். பழைய படைப்புகள் அடுத்த படிக்குத் தேவைப்படும்.

படி 4: விட்ட கலைக்குள் தடயம் தேடுங்கள்

இந்த வழிகாட்டியிலேயே இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். பலரும் ஒரு கலை வரவில்லை என்றதும் அதை முழுதாக உதறிவிட்டு வேறொன்றைத் தேடிப் போகிறார்கள். ஓவியம் இல்லையா, சரி, புல்லாங்குழல். அது இல்லையா, தோட்டம். ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து. ஆனால் இத்தனை வருஷம் தோற்றும் திரும்பத் திரும்பப் போனீர்களே, அது வீம்பினால் மட்டும் இருக்காது. அந்தக் கலைக்குள் ஏதோ ஒரு பகுதி உங்களுக்கு இனித்திருக்கிறது. அந்தப் பகுதி எது?

பழைய கலையைச் சிறு சிறு வேலைகளாகப் பிரித்து எழுதுங்கள். நான் எழுதியது: இடம் தேடுவது, வீட்டுக்காரரிடம் அனுமதி கேட்பது, பென்சிலில் அளவு குறிப்பது, தூண்களையும் சன்னல்களையும் எண்ணி இடைவெளி பிரிப்பது, வண்ணம் குழைப்பது, பூசுவது, நிழல் கொடுப்பது, சட்டம் போடுவது. ஒவ்வொன்றுக்கும் எதிரே இரண்டு கேள்வி. எதைச் சீக்கிரம் முடிக்கப் பார்த்தேன்? எதை வேண்டுமென்றே நீட்டினேன்?

தூண் எண்ணுவதில் மட்டும் எனக்கு அரை மணி நேரம் போயிருக்கிறது. முகப்பில் எத்தனை தூண், இரண்டு தூணுக்கு நடுவே எத்தனை சன்னல் கம்பி, நிலையின் அகலத்துக்கும் உயரத்துக்கும் என்ன விகிதம் என்று எழுதி எழுதிப் பார்த்திருக்கிறேன். வண்ணம் பூசும் நேரம் வந்ததும் எப்போதும் அவசரம். இந்தக் குறிப்புகள் எல்லாம் என் படங்களின் பின்பக்கத்தில் பன்னிரண்டு வருஷமாகக் கிடந்தன. முன்பக்கத்தை மட்டுமே பார்த்துக் கவலைப்பட்டிருக்கிறேன்.

மற்றவர்களுக்கும் இப்படி இருக்கும். பரதம் ஆடி மூட்டுப் போனவருக்கு ஜதி சொல்வதில் தனி ருசி இருந்திருந்தால், நட்டுவாங்கம் இருக்கிறது. கதை எழுதி முடிவைப் பிடிக்க முடியாதவர் தாத்தாக்களிடம் கதை கேட்பதை மட்டும் விரும்பியிருந்தால், வாய்மொழிக் கதைகளைப் பதிவு செய்து தொகுக்கலாம். எங்கள் கோட்டையூரிலேயே கண்முன் ஓர் உதாரணம் உண்டு. ரோஜா முத்தையா விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். ஆனால் அவர் பெயர் நிலைத்தது தூரிகையால் அல்ல. பழைய நூல், இதழ், துண்டறிக்கை என்று அச்சில் வந்ததையெல்லாம் தேடித் தேடி இந்த ஊரில் சேர்த்துவைத்தார். 1992-ல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தத் தொகுப்பை வாங்கியது. 1994-லிருந்து அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமாக இயங்குகிறது. தமிழ் அச்சு வரலாற்றை ஆராய்கிறவர்கள் இன்று அங்கேதான் போகிறார்கள். சேகரிப்பும் படைப்புதான். அதை வெறும் பொழுதுபோக்கு என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

படி 5: வேலை நடக்கும் இடத்துக்கே போய்ப் பாருங்கள்

தடயம் கிடைத்த பிறகும் உடனே முடிவு கட்டாதீர்கள். செட்டிநாட்டில் இருக்கிறவர்களுக்கு ஒரு பாக்கியம், கைவேலை நடக்கும் இடங்கள் பேருந்து தூரத்தில் இருக்கின்றன. நான்கைந்து இடத்துக்குப் போங்கள். ‘எவ்வளவு அழகு’ என்று பார்க்க வேண்டாம். இந்த வேலை ஆளிடம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை என்று பாருங்கள்.

நான் முதலில் போனது ஆத்தங்குடிக்கு. ஒரு கொட்டகையில் பெரியவர் ஒருவர் குந்தி உட்கார்ந்து கல் போட்டுக்கொண்டிருந்தார். டைல்ஸைப் பேச்சில் பலரும் கல் என்றுதான் சொல்கிறார்கள். அடியில் ஒரு கண்ணாடித் துண்டு. அதன்மேல் இரும்புச் சட்டம், சட்டத்துக்குள் பூ வடிவத்தில் தகட்டு அச்சு. அச்சின் ஒவ்வொரு அறைக்குள்ளும் வண்ணம் கலந்த சிமென்ட் குழம்பைச் சிறு கரண்டியால் ஊற்றுகிறார். அச்சைத் தூக்கியதும் வண்ணங்கள் ஒன்றையொன்று தொட்டு நிற்கின்றன, கலந்துவிடுவதில்லை. அதன்மேல் ஈரத்தை உறிஞ்ச மணலும் சிமென்ட்டும் கலந்த உலர்ந்த தூள். அதற்கும் மேலே கெட்டிக் கலவை. மட்டம் தட்டி ஒதுக்கி வைத்து, பிறகு சில நாள் தண்ணீர்த் தொட்டியில் ஊறப் போடுகிறார்கள். கடைசியில் கண்ணாடி தனியே பிரிந்து வரும்போதுதான் முகம் தெரிகிறது. சூளையும் இல்லை, மெருகு இயந்திரமும் இல்லை. அந்தப் பளபளப்பு முழுக்கக் கண்ணாடி கொடுத்தது.

“நானும் ஒண்ணு ஊத்திப் பாக்கட்டுமாண்ணே?” என்று கேட்டேன்.

“பாருங்க தம்பி. ஆனா ஊத்துனா ஊத்துனதுதான். திருப்பி அள்ள முடியாது.”

எதிரே இருந்த இரண்டு கிண்ணம் எனக்கு ஒரே சேற்று நிறம். ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை என்றார். என் கண்ணைப் பற்றிச் சொன்னேன். அவர் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை. “கிண்ணம் எங்க இருக்குன்னு பாருங்க, போதும். இடது கிண்ணம் இதழுக்கு, வலது கிண்ணம் இலைக்கு. கலர் எதுக்கு?” என்றார்.

சொன்னபடி ஊற்றினேன். என் கண் தடையாகவே இல்லை. ஆனால் ஒரு இதழில் குழம்பு கரை தாண்டிவிட்டது. அதைச் சரி செய்ய முடியாது, தாண்டியது தாண்டியதாகவே உள்ளே போகும், பல நாள் கழித்து அந்தப் பிழையை முகத்தில் பார்க்க வேண்டும் என்பதை என் மனம் ஏற்கவில்லை. அவர் அடுத்த கல்லுக்குப் போய்விட்டார். நான் அந்த ஒரு இதழிலேயே நின்றேன். என் குறை கண்ணில் மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். அழித்துத் திருத்த முடியாத வேலை எனக்கு ஆகாது என்பது அன்றுதான் தெரிந்தது. உங்கள் வரம்பிலும் பாதி உடம்பில் இருக்கும், பாதி சுபாவத்தில் இருக்கும். சுபாவத்தின் பாதி வீட்டில் உட்கார்ந்து யோசித்தால் தெரிய வராது.

அடுத்தது கொட்டான், பனையோலைக் கூடை. எங்கள் தெருவில் ஒரு ஆச்சி பின்னுவார். பனையின் இளம் ஓலையைக் காயவைத்து, ஈர்க்கு நீக்கி, மெல்லிய கீற்றாகக் கிழித்து, சாயம் தோய்த்து வைத்திருப்பார். பின்னுமுன் நீரில் நனைக்க வேண்டும், காய்ந்த ஓலை மடக்கினால் ஒடியும். அடி சதுரமாகத் தொடங்கி வாய் வட்டமாக முடியும். கல்யாணச் சீரில் வைக்கும் கொட்டான் இதுதான், இதற்குப் புவிசார் குறியீடும் உண்டு. ஆச்சி குக்கர் விசில் வந்தால் ஈரத்துணியால் மூடி வைத்துவிட்டு எழுந்து போவார், வந்து விட்ட இடத்தில் தொடர்வார். தப்பினால்? “பிரிச்சுட்டுப் போட்டா ஆச்சு.” துண்டு துண்டாகத்தான் நேரம் கிடைக்கும், நடுவில் பத்துப் பேர் கூப்பிடுவார்கள் என்கிற வாழ்க்கை உள்ளவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான கைவேலை நான் பார்க்கவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கண்டாங்கி நெசவு: காலும் இடுப்பும் கையும் சேர்ந்து உழைக்க வேண்டும், இடமும் தறியும் வேண்டும். வீட்டில் தொடங்க முடியாது. ஆனால் 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற அந்தச் சேலையின் கட்டங்களும் கோடுகளும் நிற வரிசை பிடித்தவர்களுக்கு நல்ல பாடம். நடுவீட்டுக் கோலம்: குனிந்து போட வேண்டும், முழங்கால் ஒத்துழைக்க வேண்டும், பச்சரிசி மாவைக் கரைத்துத் துணியில் நனைத்து விரல் வழியே இறக்கும் கோட்டில் நடுக்கம் இருக்கக் கூடாது. ஆனால் ஈரம் காயுமுன் துடைத்துவிடலாம். பலகாரம்: கண்ணைவிட மூக்கும் காதும் வேண்டும். வெள்ளைப் பணியாரத்துக்கு அளவு என்ன என்று கேட்டால், “ஆழாக்குல அரிசிய தலை தட்டிப்புட்டு, மேல உளுந்தக் கோபுரமா வை” என்பார்கள். அளவு என்றால் எண்ணாக இருக்க வேண்டும் என்று நினைக்கும் என்போன்ற ஆளுக்கு அது வராது. கைப்பக்குவத்தை நம்புகிறவருக்கு வரும். பேச்சு, பாராயணம் பிடித்தவர்களுக்கு 1939-ல் சா. கணேசன் தொடங்கிய கம்பன் கழகம் காரைக்குடியில் இருக்கிறது. ஒரு கூட்டத்தில் கேட்பவராக உட்கார்ந்து பாருங்கள். கேட்பதே தம் கலை என்று கண்டுகொண்டவர்களை அங்கே பார்த்திருக்கிறேன்.

படி 6: பிழையை வைத்துத் தேர்ந்தெடுங்கள்

இரண்டு மூன்று வேலை பிடித்துப் போயிருக்கும். எதை வைத்துக்கொள்வது?

பிடித்தம் நம்பத்தக்க அளவுகோல் அல்ல. எனக்கு வண்ணமும்தான் பிடித்தது. ஒவ்வொன்றிலும் ஒரு வாரம் செய்து, தப்பு நேரும்போது மனம் என்ன செய்கிறது என்று கவனியுங்கள். கொட்டானில் நான் இரண்டு வரிசை தப்பினேன். பிரிக்க உட்கார்ந்ததும் கொட்டாவி வந்தது, கீற்றின் விளிம்பு விரலைக் கீறியது, எழுந்துவிட்டேன். அதே வாரம் ஒரு கதவு நிலையை வரைந்தபோது அகலத்தில் ஒரு சென்டிமீட்டர் இடித்தது. இரவு பதினொரு மணி வரை ரப்பரால் அழித்து அழித்துப் போட்டேன். மனைவி இரண்டு முறை சாப்பிடக் கூப்பிட்டது தெரியவில்லை. எந்த வேலையின் பிழையைத் திருத்த உங்களுக்குச் சலிப்பு வரவில்லையோ அதை எடுத்துக்கொள்ளுங்கள். கலையில் கழியும் நேரத்தில் பெரும்பகுதி திருத்தத்தில்தான் கழிகிறது. அந்த நேரம் பிடிக்காவிட்டால் மீதி எவ்வளவு பிடித்தும் நிலைக்காது.

படி 7: களத்தைச் சுருக்கிக் கருவியைக் குறையுங்கள்

நான் எடுத்துக்கொண்டது இது: செட்டிநாட்டு வீடுகளின் வாசல் நிலைகளை அளந்து, கறுப்பு மையில் கோட்டுப் படமாக வரைவது. வீடு முழுக்க வேண்டாம், வண்ணம் வேண்டாம், நிலை மட்டும். 0.3, 0.5 என்று இரண்டு கறுப்புப் பேனா, மில்லிமீட்டர் கட்டத்தாள், ஐந்து மீட்டர் டேப், பென்சில், ரப்பர்.

தொடக்கத்தில் இப்படிச் சுருக்குவது கைகட்டிப் போட்டதுபோல் இருக்கும். ஒரு மாதம் பொறுங்கள். களம் சிறிதானால்தான் நேற்றைய வேலையும் இன்றைய வேலையும் ஒன்றோடொன்று பேசும்.

யாருக்காவது உதவட்டும் என்று என் முறையையும் சொல்லிவிடுகிறேன். வாசலின் அகலத்தைக் கீழே, நடுவே, மேலே என்று மூன்று இடத்தில் அளக்க வேண்டும். பழைய நிலைகள் சற்றே சாய்ந்திருக்கும், ஒரு அளவை நம்பக் கூடாது. பிறகு மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவு. இரண்டும் சமமாக இருந்தால் நிலை சதுரம் தப்பாமல் நிற்கிறது. ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் என்று தாளில் இறக்கினால், மூன்று மீட்டர் நிலை 30 சென்டிமீட்டரில் அடங்கிவிடும். மேலே கஜலட்சுமி செதுக்கிய பலகை இருந்தால் அதன்மேல் தாளை வைத்துத் தேய்க்காதீர்கள், மரம் பாழாகும். பக்கத்தில் ஒரு ஸ்கேலை வைத்து நேர் எதிரே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டால் வீட்டில் அளவு பிரிக்கலாம். இதில் தேக்கின் நிறம் எனக்கு எப்படித் தெரிந்தாலும் ஒன்றுமில்லை. வெளிச்சமும் நிழலும் தெரிந்தால் போதும். அது எனக்கு நன்றாகவே தெரிகிறது.

படி 8: குறை உள்ள இடத்தில் ஒரு ஆளை வையுங்கள்

எல்லாவற்றையும் தனியே செய்ய வேண்டும் என்று யார் விதித்தது? நிலைக்கு மேலே கண்ணாடி பதித்திருந்தால் அதன் நிறத்தை நான் எழுத முடியாது. மகளைக் கூட்டிப் போகிறேன். அவள் சொல்லச் சொல்லப் படத்தின் ஓரத்தில் எழுதுகிறேன்: ‘மேல் கண்ணாடி பச்சை, பக்கவாட்டுச் சிவப்பு (மகள் சொன்னது)’. அவளுக்கு இப்போது பதினொரு வயது. ‘பச்சைன்னா எந்தப் பச்சை, கிளிப்பச்சையா பாசிப்பச்சையா’ என்று அவளே திருத்துகிறாள். மச்சிலிருந்த தூரிகைகளை அவள்தான் இறக்கினாள்.

காது மந்தமானவர், எழுத்து மறந்து போகிறவர், கை நடுங்குகிறவர் எல்லோருக்கும் இப்படி ஒரு ஆள் பக்கத்திலேயே இருப்பார். உதவி கேட்பதில் வெட்கம் வேண்டாம். அவர் செய்ததை அவர் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

ஐந்தொகையை வருஷத்துக்கு ஒரு முறை புதிதாக எழுதுங்கள். நான் சித்திரை முதல் தேதி எழுதுகிறேன். வயது ஏற ஏற முதல் தலைப்பின் கீழ் பதிவுகள் கூடும். மூன்றாவதில் சில குறையும், பிள்ளைகள் வளர்ந்தால் நேரம் திரும்பக் கிடைக்கும். இந்த வருஷம் எனக்கு வெள்ளெழுத்துச் சேர்ந்திருக்கிறது. 0.3 பேனாவை விட்டுவிட்டு 0.5 மட்டும் வைத்துக்கொண்டேன். கோடு கொஞ்சம் தடிமனாகிவிட்டது. பரவாயில்லை.

இதுவரை 63 நிலைகள் வரைந்திருக்கிறேன். அவற்றில் சில வீடுகள் இப்போது இல்லை. நேற்று முனீஸ்வரன் கோயில் தெருவில் பழைய மரச்சாமான் கடை வைத்திருப்பவர் போன் செய்தார். இடித்த வீட்டிலிருந்து ஒரு இரட்டைக் கதவு நிலை வந்து இறங்கியிருக்கிறதாம், வியாழக்கிழமை லாரி ஏறிவிடுமாம். “அளந்துக்கிறதுன்னா புதன் சாயங்காலத்துக்குள்ள வந்துருங்கண்ணே” என்றார். கடையில் அரை நாள் லீவு சொல்லியாகிவிட்டது. மகளுக்குப் பள்ளி விடும்போது அப்படியே கூட்டிக்கொண்டு போகிறேன். அந்த நிலையில் கண்ணாடி இருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டேன்.